பழைய சிஎன்சி எந்திரங்களின் நினைவகக் காப்பு

1. ஆய்வுப் பொருள்

கோவையிலும், 1964-இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் பல கைமாறி வந்த சிஎன்சி எந்திரங்களைக் கொண்டே ஜாப் ஒர்க் செய்யும் சிறு பட்டறைகள் உண்டு. வார்ப்பிரும்பு உடல் பல பத்தாண்டுகள் உழைக்கும். அதை இயக்கும் தரவோ ஒரு பேட்டரியை நம்பி இருக்கிறது. அந்தத் தரவு அந்த ஒரே எந்திரத்துக்கு உரியது, விலைக்குக் கிடைக்காதது. ஆகவே அதைக் காப்பது உரிமையாளரின் பொறுப்பு என்பதே இக்கட்டுரையின் துணிபு. 1980-களில் வந்து இன்றும் ஓடும் ஃபானுக் 0 தொடர் சிஎன்சி கட்டுப்பாட்டுக் கருவி இங்கு எடுத்துக்காட்டாகிறது.

2. நினைவகத்தின் இயல்பு

2.1 அழியக்கூடியவை: பாராமீட்டர், ஆஃப்செட், புரோகிராம், டைமர் மதிப்பு ஆகியவை மின்னூட்டம் இருந்தால் மட்டுமே நிலைக்கும் நினைவகத்தில் உள்ளன. எந்திரம் ஓடும்போது மின்சாரமே அவற்றைத் தாங்குகிறது. நிறுத்தியபின் பேட்டரி தாங்குகிறது. எனவே ஆர்டர் இல்லாமல் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும் எந்திரத்துக்கே ஆபத்து மிகுதி.

2.2 நிலைப்பவை: எந்திரத்தின் செயல்வரிசையைத் தீர்மானிக்கும் லேடர் புரோகிராம் ஈப்ராம் சில்லுகளில் இருப்பதால் பேட்டரி தீர்ந்தாலும் அழியாது. சில்லின் கண்ணாடிச் சாளரத்தை மூடிய ஸ்டிக்கரை மட்டும் உரிக்கலாகாது. புற ஊதா ஒளி பட்டால் அதுவும் அழியும்.

3. பக்கத்து எந்திரத்தின் நகல் ஏன் போதாது

ஒரே மாடலில் இரண்டு எந்திரங்கள் அருகருகே நின்றாலும் அவற்றின் பால் ஸ்க்ரூக்கள் ஒன்றல்ல. பிட்ச் பிழைத் திருத்தம், பேக்லாஷ் அளவு, ரெஃபரன்ஸ் புள்ளியின் நகர்வு எல்லாம் அந்தந்த எந்திரத்தில் அளந்து பதித்தவை. நகலை ஏற்றினால் எந்திரம் ஓடக்கூடும். அளவு பிசகும், டூல் மாற்றும் இடம் தவறி மோதவும் கூடும்.

4. காப்பு முறை

4.1 எடுத்தல்: ஆர்எஸ்-232 கேபிள் வழியே கணினிக்கு எடுக்கலாம். அனுப்பும் வேகமும் பிட் அமைப்பும் இருபுறமும் ஒத்திருக்க வேண்டும். விலைகொடுத்து வாங்கிய வசதிகளைத் திறந்துவைக்கும் 900-வரிசை பாராமீட்டர்கள் வந்துள்ளனவா என்று தனியே பார்க்க வேண்டும். பேனல் கதவுக்குள் தயாரிப்பாளர் வைத்த பாராமீட்டர் தாள் இருந்தால் அதையும் படமெடுக்கலாம்.

4.2 சரிபார்த்தல்: எடுத்த கோப்பைத் திறந்து திரையோடு ஒப்பிட வேண்டும். ஒப்பிடாத கோப்பைக் காப்பு என்று நம்ப முடியாது. ஒரு பிரதி தாளிலும், ஒன்று பட்டறைக்கு வெளியிலும் இருக்கட்டும்.

4.3 பேட்டரி மாற்றம்: 0 தொடருக்கு மூன்று டி அளவு ஆல்கலைன் பேட்டரிகள். எந்திரத்தின் மின்சாரம் ஓடும்போதே மாற்ற வேண்டும். நிறுத்திவிட்டுக் கழற்றினால் எல்லாம் போய்விடும். பேனலுக்குள் உயர் மின்னழுத்தம் இருப்பதால் இது பயிற்சி பெற்றவரின் வேலை. ஆப்சல்யூட் என்கோடர் உள்ள எந்திரத்தில் அதற்கான பேட்டரி வேறு. அது தீர்ந்தால் அச்சுகளின் தொடக்க நிலையை மீண்டும் அமைக்க வேண்டிவரும்.

5. சாரல் நாட்டில்

இலத்தூர், தென்காசி, செங்கோட்டை வட்டாரத்தில் ஜூன் முதல் குற்றாலச் சாரல் காற்றில் ஈரம் ஏறிக்கிடக்கும். இங்கு பழைய எந்திரம் வைத்திருப்பவர், பேனல் சூடாகிறதென்று கதவைத் திறந்து டேபிள் ஃபேன் வைக்கக் கூடாது. ஈரமும் எண்ணெய்ப் புகையும் நினைவகம் உள்ள போர்டுகளில் படிந்து மின்கசிவுக்கும் துருவுக்கும் வழி செய்யும். கதவு ரப்பர், ஃபில்டர், உள் ஃபேன் மூன்றையும் சாரலுக்கு முன்பே சரிசெய்வது நல்லது.

6. முடிவு

திரையில் எச்சரிக்கை வரும்வரை காத்திராமல் பேட்டரியை ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அதற்குரிய நாள் நம் பட்டறைகளில் ஏற்கெனவே உண்டு: ஆயுத பூஜைக்காக எந்திரங்களைத் துடைக்கும் நாள். சாரல் ஓய்ந்தபின் வரும் அந்நாளில், எந்திரத்தை நிறுத்துமுன் பேக்கப் எடுத்து, பேட்டரி மாற்றி, தேதியைப் பேனல் கதவில் எழுதிவிட்டுச் சந்தனம் குங்குமம் வைக்கலாம். ஓரிரு மணி நேர வேலை அது. செய்யாமல் விட்டால், நல்ல உடலோடு நிற்கும் எந்திரம் பழைய இரும்பு விலைக்குப் போகும்.