செவிலித்தாய் காத்த குதிரைக் குலம்

தாயைப் பிரிந்த குட்டிக்கு ஏதேனும் ஒரு பாலை ஊட்டினால் போதாதா என்று மாணவ நேயர்கள் வினவக்கூடும். போதாது என்பதற்கு ஒரு குதிரைக் குலத்தின் வரலாறே சான்று. அதனையே இன்று நான் சொல்ல விழைகின்றேன்.

மங்கோலியப் புல்வெளிகளில் மனிதனுக்கு அடங்காத காட்டுக் குதிரைகள் திரிந்தன. அந்நாட்டார் அவற்றைத் 'தாக்கி' என்பர். உருசியப் பயணி பிரெஷெவால்ஸ்கி கொணர்ந்த தோலையும் மண்டையோட்டையும் ஆராய்ந்து, 1881-ஆம் ஆண்டில் பொலியாக்கோவ் என்னும் அறிஞர் அவ்வினத்தை உலகிற்கு அறிவித்தார். பின்னர் ஐரோப்பியச் செல்வர் சிலர் அவற்றை வளர்க்க ஆசை கொண்டனர். வளர்ந்த குதிரையைப் பிடிப்பது அரிது. ஆகவே மந்தையைத் துரத்தி, களைத்துப் பின்தங்கிய இளங்குட்டிகளைப் பிடித்தனர்.

பிடித்துவிட்டனர், பிழைக்க வைப்பது எப்படி? முதலில் அகப்பட்ட குட்டிகளுக்குச் செம்மறியாட்டுப் பாலை ஊட்டினர், அவை மாண்டன. இதில் வியப்பில்லை. நூறு பங்கு செம்மறியாட்டுப் பாலில் ஏறக்குறைய 7 பங்கு கொழுப்பு உண்டு. குதிரைப் பாலிலோ கொழுப்பு 2 பங்கிற்கும் குறைவு. சர்க்கரை 6 பங்கிற்கு மேல். நீர்த்து இனிக்கும் பாலுக்கென அமைந்த வயிறு கொழுத்த பாலை எங்ஙனம் ஏற்கும்?

பட்டறிவு வழி காட்டியது. அடுத்துப் பிடிபட்ட குட்டிகளை, ஈன்று பால் சுரக்கும் நாட்டுப் பெண்குதிரைகளிடம் விட்டனர். அச்செவிலித்தாயரின் பாலுண்டு அவை வளர்ந்தன. ஆம்பர்க்கு நகரத்து விலங்கு வணிகர் ஹாகன்பெக் 1901-இல் திரட்டிய 52 குட்டிகளில் 28 உயிருடன் அந்நகரை அடைந்தன. எஞ்சியவை வழியிலேயே மடிந்தன என்பதை நாம் மறத்தலாகாது.

இன்று குதிரைப் பாலின் அமைப்பை ஒட்டிச் செய்த பால்மாவு கிடைக்கிறது. தாயிழந்த குட்டிக்கு அதனை நீரிற் கரைத்து, இரவு பகலாகச் சிறுகச் சிறுக ஊட்டுவர். ஆயினும் பிறந்த முதல் நாளில் நோய் தடுக்கும் ஆற்றலைத் தருவது சீம்பாலே. குதிரையின் பழக்கவழக்கங்களைக் கற்பிப்பதும் மற்றொரு குதிரையே. எனவே செவிலிக்குதிரை கிடைக்குமாயின் அதுவே சிறந்தது.

1960-களின் இறுதியில் தாக்கி காட்டில் அற்றுப்போயிற்று. அன்று தாயிடமிருந்து பறிக்கப்பட்டவற்றுள் ஒருசிலவற்றின் வழிவந்தவையே, காப்பிடங்களில் அக்குலத்தை நிலைநிறுத்தின. 1992-இல் அவற்றின் சந்ததி மங்கோலியப் புல்வெளிக்குத் திரும்பியது. மனிதனின் ஆசை குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்தது. பெயரறியா நாட்டுக் குதிரைகளின் பாலோ ஒரு குலத்தையே காத்தது.