பயோமெட்ரிக் ஏ.டி.எம்.

பயோமெட்ரிக் ஏ.டி.எம். என்பது விரல்ரேகை, கருவிழி, உள்ளங்கை நாளம் முதலிய உடற்கூறுகளால் வாடிக்கையாளரை அடையாளம் கண்டு பணம் வழங்கும் தானியங்கி இயந்திரம்.

வகைகள்: இரகசிய எண்ணுக்கு மாற்றாக உடலடையாளம் கொள்வன; அட்டையோடு கூடுதல் சோதனையாகக் கொள்வன; வங்கி முகவர் கையாளும் மைக்ரோ ஏ.டி.எம்.

செயல்முறை: ரேகைக் கோடுகள் முடியும், கிளைக்கும் புள்ளிகளைக் கருவி பதிந்து, சேமிக்கப்பட்ட வார்ப்புருவுடன் ஒப்பிடும். ஆதார்வழிக் கட்டண முறையில் ஆதார் எண், வங்கியின் பெயர், விரல்ரேகை ஆகியன போதும், அட்டை தேவையில்லை.

வரலாறு: ஜப்பானிய வங்கிகள் 2004 முதல் உள்ளங்கை நாள முறையைப் புகுத்தின. சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவில் வளர்ந்த வோர்டெக்ஸ் நிறுவனம், கிராமங்களுக்கென ரேகை வசதியுடன் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் 'கிராமடெல்லர்' இயந்திரத்தை உருவாக்கியது. டி.சி.பி. வங்கி 2016-இல் ஆதார் சார்ந்த ஏ.டி.எம்.மை அறிமுகப்படுத்தியது.

வரம்புகள்: அட்டைத் திருட்டும் இரகசிய எண் கசிவும் இம்முறையில் பயனற்றுப்போகும். ஆனால் களவுபோன ரேகையை இரகசிய எண்ணைப்போல் மாற்ற இயலாது. நகல் ரேகை மோசடியைத் தடுக்க, வைக்கப்படுவது உயிருள்ள விரல்தானா எனச் சோதிக்கும் முறையை ஆதார் ஆணையம் 2023-இல் கொண்டுவந்தது. காஞ்சிபுரம் போன்ற நெசவு நகரங்களில் இழையோடும் சாயத்தோடும் நெடுங்காலம் புழங்கும் கைகளிலும், முதியோர் விரல்களிலும் ரேகை தேய்ந்திருந்தால் உண்மையான உரிமையாளரையே கருவி மறுக்கக்கூடும். ஆகவே கருவிழி, முகம், ஒருமுறைக் கடவுச்சொல் ஆகிய மாற்று வழிகள் இன்றியமையாதவை.

சட்டநிலை: வங்கிக் கணக்குடன் ஆதாரை இணைப்பது கட்டாயமல்ல என உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 அன்று தீர்ப்பளித்தது. ஆதார் உடையோர் தம் உடலடையாளத் தரவைப் பூட்டிவைக்கவும் வசதி உண்டு.