கடன் அடைப்புச் சொற்கள்: பொலிசை முதல் இ.எம்.ஐ. வரை

தமிழ்நாட்டில் கடன் வாங்குதல், வட்டி கட்டுதல், கடனை அடைத்தல் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்கள் ஒரே காலத்தில் தோன்றியவை அல்ல. கல்வெட்டுத் தமிழ், அரபு–பாரசீகம், ஆங்கிலம் என மூன்று அடுக்குகள் அவற்றில் உள்ளன. கடன் கொடுப்பவர் மாறியபோதெல்லாம் கடனின் மொழியும் மாறியது. புதிய சொல்லின் பொருளைக் கடைசியாக அறிந்தவர் பெரும்பாலும் கடன் வாங்கியவரே. இக்கட்டுரை அந்த மாற்றத்தைச் சென்னையை மையமாகக் கொண்டு விளக்குகிறது.

கல்வெட்டுக் காலம்

சோழர் காலக் கல்வெட்டுகளில் வட்டிக்குப் 'பொலிசை' என்று பெயர். பொலிதல் என்றால் பெருகுதல். தஞ்சைப் பெரிய கோயிலின் பணம் ஊர்ச் சபைகளுக்கும் வணிகர்களுக்கும் கடனாகக் கொடுக்கப்பட்டது. ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி. அரைக்கால் என்பது எட்டில் ஒரு பங்கு. இன்றைய கணக்கில் 12.5 விழுக்காடு. முதல், வட்டி, காலம் ஆகிய மூன்றும் ஊரார் படிக்கும் மொழியில் கல்லில் வெட்டப்பட்டிருந்தன.

நவாபு, கும்பினி ஆட்சிகள்

அடுத்த அடுக்கு வரி வசூலோடு வந்தது. அசல், பாக்கி, வசூல், ஜாமீன், ஜப்தி ஆகியவை அரபு மூலமுடையவை. ரசீது பாரசீகச் சொல். 'கிஸ்தி' என்பதும் தவணை என்று பொருள்படும் அரபுச் சொல்லே. கும்பினியார் நிலவரித் தவணையை அப்பெயராலேயே வசூலித்தனர். இன்று இச்சொற்களை யாரும் அயற்சொல்லாக உணர்வதில்லை. 'அசலும் வட்டியும்' என்பது தமிழ்த் தொடராகவே ஆகிவிட்டது.

எதிர்த் திசையிலும் ஒரு சொல் சென்றது. தமிழின் 'காசு' போர்த்துகீசியர் வழியாக ஆங்கிலத்தில் 'கேஷ்' ஆகி, சிறு நாணயத்தைக் குறித்தது. சென்னையில் 80 கேஷ் ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். 1818இல் ரூபாய் நிலைபெறும்வரை இக்கணக்கு நடந்தது. ரொக்கத்தைக் குறிக்கும் ஆங்கிலக் 'கேஷ்' வேறு மூலமுடையது. ஒலி ஒற்றுமையால் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

புரோநோட்டும் ஃபண்டும்

1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 'பிராமிசரி நோட்' என்பதற்கு இலக்கணம் வகுத்தது. தமிழர் வாயில் அது 'புரோநோட்டு' ஆயிற்று. வருவாய் முத்திரையும் கையெழுத்தும் போதும் என்பதால் கிராமத்துக் கடன்கள் பலவும் அதற்குள் அடங்கின.

நகரத்தில் 'ஃபண்டு' வந்தது. மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்டு 1872இல் தொடங்கப்பட்டது. பெயரிலுள்ள 'பெர்மனென்ட்' என்ற சொல் இங்கிலாந்தின் வீடுகட்டும் சங்கங்களிலிருந்து வந்தது. அங்கே முதலில் இருந்தவை, உறுப்பினர் அனைவரும் கடன் பெற்று முடித்ததும் கலைக்கப்படும் சங்கங்கள். அப்படிக் கலையாமல் தொடர்வதே பெர்மனென்ட். உறுப்பினரிடம் மட்டும் சேமிப்பு வாங்கி உறுப்பினருக்கு மட்டும் கடன் தரும் இவ்வகை நிறுவனங்களைச் சட்டம் இன்று 'நிதி' என்ற இந்தியச் சொல்லாலேயே குறிக்கிறது.

1906 அக்டோபர் 22 அன்று சென்னையின் புகழ்பெற்ற அர்பத்நாட் நிறுவனம் முறிந்தது. சேமிப்பை இழந்தோர் பலர். அதன் விளைவாக, மயிலாப்பூர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று உழைக்க, இந்தியன் வங்கி 1907 ஆகஸ்ட் 15 அன்று பணியைத் தொடங்கியது. 'இன்சால்வென்ட்' என்ற சொல்லின் பொருளைச் சென்னை மக்கள் அனுபவத்தில் அறிந்த காலம் அது. பேச்சுவழக்கு அதை 'மஞ்சள் கடுதாசி கொடுத்தல்' என்று மொழிபெயர்த்துக்கொண்டது.

சட்டத்துக்குள் நுழைந்த தமிழ்

ராஜாஜி முதல்வராக இருந்தபோது 1938இல் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் நிறைவேறியது. பழைய கடன்களுக்கு அசலைப்போல் இரு மடங்கு கட்டிவிட்ட விவசாயியின் கடன் முழுவதும் தீர்ந்ததாக அது கருதியது. கட்டிய தொகையில் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று பிரித்தறிய இயலாதவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

2003ஆம் ஆண்டின் அதீத வட்டித் தடைச் சட்டத்தில் ஆங்கில வாசகத்துக்குள்ளேயே கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகிய பெயர்கள் இடம்பெற்றன. இவற்றுக்கு ஈடான ஆங்கிலச் சொல் இல்லாததே காரணம்.

சீட்டிலும் சொல் மாற்றம் நிகழ்ந்தது. 1982ஆம் ஆண்டின் சிட்ஃபண்ட் சட்டம், ஏலத் தள்ளுபடியில் உறுப்பினருக்குக் கிடைக்கும் பங்கை 'டிவிடெண்ட்' என்றது. எடுத்தவர் பெறும் தொகையைப் 'பரிசுத் தொகை' என்றது. உண்மையில் அது பரிசன்று. தவணையாகத் திருப்பிக் கட்ட வேண்டிய பணம். 2019 திருத்தம் அவற்றைத் 'தள்ளுபடியில் பங்கு' என்றும் 'நிகரச் சீட்டுத் தொகை' என்றும் மாற்றியது.

இ.எம்.ஐ. காலம்

வீட்டுக்கடனுக்கென்றே எச்.டி.எஃப்.சி. 1977இல் தொடங்கப்பட்டது. நங்கநல்லூர், ஆதம்பாக்கம், மடிப்பாக்கம் போன்ற தென்சென்னைப் பகுதிகளில் தனி வீடுகள் அடுக்குமாடிகளாக மாறியபோது, இ.எம்.ஐ. என்ற மூன்றெழுத்து வீட்டுச் சொல்லானது. ஒவ்வொரு மாதமும் ஒரே அளவாகக் கட்டும் தவணை என்பது அதன் பொருள். முதல் ஆண்டுகளில் அதன் பெரும்பகுதி வட்டிக்கே போகும். அசல் மெதுவாகவே குறையும்.

சில ஆங்கிலச் சொற்கள் இங்கு வந்து பொருள் மாறின. 'டியூ' என்றால் கட்டவேண்டிய பாக்கி. சென்னையில் அது மாதத் தவணை. 'லீசு' என்றால் குத்தகை. சென்னையில் பெருந்தொகை கொடுத்து மாத வாடகையின்றிக் குடியிருக்கும் போக்கியம். 'ஃபோர்குளோஷர்' அமெரிக்காவில் அடமான வீட்டைப் பறிமுதல் செய்வது. இந்திய வங்கிகளில் கடனை முன்கூட்டியே கட்டி முடிப்பது. ஆங்கிலப் பாடநூல் படித்த மாணவரும் தடுமாறும் இடம் இது.

மிகுந்த இழப்பை உண்டாக்கவல்ல சொல் 'ஃபிளாட் ரேட்'. ஒரு லட்சம் ரூபாயை 12 விழுக்காட்டில் 12 மாதத்துக்குக் கடன் வாங்குவதாகக் கொள்வோம். குறையும் நிலுவை முறையில் மாதத் தவணை சுமார் 8,885 ரூபாய். மொத்த வட்டி சுமார் 6,619. ஃபிளாட் முறையில் தவணை சுமார் 9,333, வட்டி 12,000. மாதந்தோறும் அசல் குறைந்தும் முழு அசலுக்கே வட்டி கணக்கிடப்படுவதால், உண்மை வட்டி ஏறத்தாழ 21.5 விழுக்காடு. இரு தாளிலும் எழுதப்பட்டிருப்பது 12 என்ற எண்தான்.

2020 மார்ச்சில் கொரோனா காலச் சலுகையாக 'மாரடோரியம்' அறிவிக்கப்பட்டது. அது தவணையை ஒத்திவைத்ததே தவிர, தள்ளுபடி செய்யவில்லை. ஒத்திவைத்த மாதங்களுக்கும் வட்டி ஏறியது. இரண்டு கோடி ரூபாய் வரையிலான கடன்களுக்கு, வட்டிமேல் ஏறிய வட்டியை மட்டும் அரசு பின்னர் ஈடுசெய்தது.

இன்றைய நிலை

2024 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட அறிவிப்பின்படி, அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் புதிய சில்லறைக் கடன்கள் ஒவ்வொன்றுக்கும் முக்கிய விவர அறிக்கை தரப்பட வேண்டும். எல்லாக் கட்டணங்களும் சேர்ந்த ஆண்டு விழுக்காடு அதில் இருக்க வேண்டும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது எழுதப்பட வேண்டும். ஆகவே தமிழில் கேட்பது சலுகையன்று, உரிமை.

அறிக்கை கையில் வந்ததும் மூன்றைப் பார்க்கலாம்: கையில் வரும் தொகை எவ்வளவு, கடன் முடியும்போது மொத்தம் கட்டியிருக்கும் தொகை எவ்வளவு, முன்கூட்டி அடைத்தால் கட்டணம் உண்டா. கல்வெட்டில் பொலிசை எழுதியவர்களும் முதலையும் வட்டியையும் எல்லோரும் படிக்கும்படி வெளிப்படையாகவே வைத்திருந்தனர்.