நடனக் குறியீடும் ஊடாட்ட வடிவமைப்பும்

கையசைத்தோ, உடலைச் சாய்த்தோ, காலெடுத்து வைத்தோ இயக்கப்படும் விளையாட்டுகளையும் கருவிகளையும் உருவாக்கும்போது, பயனரின் அசைவை நடனத்துக்கென வகுத்த குறியீட்டில் எழுதி ஆராயும் முறை. இதில் பெரிதும் கையாளப்படுவது ருடால்ஃப் லாபன் 1928-இல் வெளியிட்ட குறியீடு.

அசைவைத் தாளில் ஏற்றும் முயற்சி அதைவிடப் பழையது. 1700-இல் பாரிஸில் நடன ஆசிரியர் ஃபுயே வெளியிட்ட நூல், ஆடுபவர் தரையில் போகும் தடத்தைக் கோடாக வரைந்து அதன்மேல் காலடிகளைக் குறித்தது. அரசவை நடனத்துக்கு அது போதுமானதாக இருந்தது; கைக்கும் இடுப்புக்கும் அதில் இடம் குறைவு. 1892-இல் ரஷ்யரான ஸ்தெபனோவ், இசைக்குறிகளின் வடிவிலேயே உறுப்புகளின் அசைவை எழுத வழிகண்டார். பீட்டர்ஸ்பர்க் பாலேக்கள் பல அம்முறையில் பதிவாயின.

இன்றைய பிராட்டிஸ்லாவாவில் பிறந்த லாபன் (1879–1958) கோடுகளை நெட்டுக்குத்தாக நிறுத்தினார். அவருடைய பிரதியைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். நடுக்கோடு உடலின் மையம்; அதன் இருபுறமும் உடலின் இடப்பாதியும் வலப்பாதியும். குறி எந்தப் பத்தியில் நிற்கிறது என்பது உறுப்பைச் சொல்லும். அதன் வடிவம் திசையையும், நீளம் கால அளவையும் காட்டும். உள்ளே சாய்கோடுகள் இருந்தால் மேல்மட்டம், புள்ளி இருந்தால் நடுமட்டம், முழுக் கறுப்பானால் கீழ்மட்டம். ஒரே குறிக்குள் நான்கு செய்திகள் அடங்கிவிடுகின்றன. 1940-இல் நியூயார்க்கில் நடனக் குறியீட்டுப் பணியகம் தொடங்கியது. 1952-இல் ‘கிஸ் மீ கேட்’ இசை நாடகத்துக்கு ஹான்யா ஹோம் அமைத்த நடனம், இக்குறியீட்டுப் பிரதியைக் கொண்டே அமெரிக்கப் பதிப்புரிமை பெற்றது.

1938-இல் இங்கிலாந்துக்குக் குடியேறிய லாபன், எஃப். சி. லாரன்ஸ் என்பவருடன் சேர்ந்து ஆலைத் தொழிலாளர்களின் அசைவுகளை ஆராய்ந்தார். 1947-இல் இருவரும் வெளியிட்ட நூல், அசைவின் தன்மையை எடை, நேரம், வெளி, ஓட்டம் என நான்கு கூறுகளால் விளக்கியது. குத்துவதும் மெல்லத் தள்ளுவதும் ஒரே பாதையில் போகலாம். அவற்றின் தன்மை வேறு.

கணினி வந்ததும் லாபனின் குறியீட்டுக்கும் இந்த நான்கு கூறுகளுக்கும் புது வேலை கிடைத்தது. 1979-இல் கணினி ஆய்வாளர்களான பேட்லரும் ஸ்மோலியரும் மனித அசைவைக் கணினியில் குறிக்கும் வழிகளை ஆராய்ந்த கட்டுரையில் லாபன் குறியீட்டை அடிப்படையாகக் கொண்டனர். 2000-இல் பேட்லரின் பென்சில்வேனியாக் குழு, லாபனின் நான்கு கூறுகளைக் கொண்டு அனிமேஷன் உருவங்களின் சைகையை வன்மையாகவோ மென்மையாகவோ மாற்றும் ‘இமோட்’ அமைப்பை வெளியிட்டது.

விளையாட்டுத் திரைக்கு லாபன் குறியீடு வந்தது சிட்னியில். சோனி நிறுவனம் 2003-இல் விற்பனைக்கு விட்ட ‘ஐடாய்’ கேமரா, ஆட்டக்காரரின் உருவத்தைத் தொலைக்காட்சித் திரையிலேயே காட்டியது. படத்தில் எங்கே அசைவு நிகழ்கிறது என்பதே அதற்குத் தேவை. இலக்கைத் தொட்டது கையா, தலையா என்பது அதற்குப் பொருட்டல்ல. லியன் லோக், ஆஸ்ட்ரிட் லார்சன், டோனி ராபர்ட்சன் ஆகிய சிட்னி ஆய்வாளர்கள், ‘பீட் ஃபிரீக்’, ‘குங் ஃபூ’ என்ற இரு ஐடாய் ஆட்டங்களை ஆடியவர்களின் அசைவுகளை லாபன் குறியீட்டில் எழுதி 2005-இல் வெளியிட்டனர். கேமராவுக்குப் பொருட்படாத எடைமாற்றமும் உடற்சாய்வும் அத்தகைய பிரதியில் தனித்தனிப் பத்திகளில் பதிவாகும். கருவிக்கு என்ன தெரிகிறது என்பதிலிருந்து தொடங்காமல், ஆடும் உடல் என்ன செய்கிறது என்பதிலிருந்து வடிவமைப்பைத் தொடங்க அது வழிசெய்தது.

ரோபோத் துறைக்குக் கிடைத்த ஆதாயம் வேறு. குறியீடு மூட்டுகளின் கோணங்களைச் சொல்வதில்லை, உறுப்பு நோக்கும் திசையைச் சொல்கிறது. ஆகவே மூட்டுகளின் எண்ணிக்கை வேறுபட்ட ரோபோக்களுக்கும் ஒரே பிரதி பொருந்தும். மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் வெளியிட்ட திறந்த மூல மென்பொருள், கினெக்ட் உணரி பதிவுசெய்த அசைவை லாபன் குறியீடாக மாற்றி ரோபோவுக்குத் தருகிறது.

குறைகளும் உண்டு. குறியீட்டில் தேர்ச்சிபெற நெடும்பயிற்சி வேண்டும். மனிதர் செய்ததை அது நுணுக்கமாகச் சொல்லும். கருவி அதை என்னவாகப் புரிந்துகொண்டது என்பதற்கு அதில் பத்தி கிடையாது. அதனால் சிட்னி ஆய்வாளர்கள் 2007-ஆம் ஆண்டுக் கட்டுரையில், மானுடவியலாளர் லூசி சச்மன் வகுத்த அட்டவணையையும் லாபன் பிரதியோடு சேர்த்துப் பயன்படுத்தினர். பயனரின் செயல்களில் கருவிக்கு எட்டுவன எவை, எட்டாதன எவை என்று அந்த அட்டவணை பிரித்துக் காட்டும்.