ஸ்டெம் எண் 401

தண்ணீர் புகுந்து துருப்பிடித்த கைக்கடிகாரத்தில் அடிக்கடி ஒடிவது, சாவி கொடுக்கும் ஸ்டெம். ஊசியைவிடச் சற்றே தடித்த எஃகுத் தண்டு. சுவிஸ் மிஷின்களின் பாகப் பட்டியலில் அதற்கு எண் 401. எஸ்கேப் வீலுக்கு 705, பேலட்டுக்கு 710. மிஷின் எந்தத் தொழிற்சாலையில் பிறந்திருந்தாலும் எண் பெரும்பாலும் மாறாது. பழுதுபார்ப்பவர் கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு, பேலன்ஸ் வீலுக்கு அடியில் தகட்டில் பொறித்திருக்கும் தயாரிப்பாளர் முத்திரையையும், மிஷினின் மாடலைச் சொல்லும் காலிபர் எண்ணையும் படிப்பார். அவற்றோடு 401 என்று சேர்த்து எழுதி மொத்த வியாபாரிக்கு அனுப்பினால் உரிய ஸ்டெம் வந்து சேரும். அது தேவைக்கு மேல் நீளமாகவே வரும். எந்தக் கேஸுக்குள் ஏறப்போகிறது என்பது தொழிற்சாலைக்குத் தெரியாது. ஆகவே கேஸுக்கு ஏற்ப வெட்டி, நுனியை அரத்தால் ராவி, சாவிக் குமிழைத் திருகிப் பொருத்தும் கடைசி வேலையை, முகம் தெரியாத ஒரு கைவினைஞரை நம்பி விட்டுவிட்டது. அந்த நம்பிக்கை யாரும் போட்ட பிச்சை அல்ல. சுவிஸ் கடிகாரம் உலகமெல்லாம் விலைபோனதற்கு அதுவும் ஒரு காரணம். இன்று பெரிய நிறுவனங்கள் தனிப் பழுதுபார்ப்பவருக்கு உதிரிபாகம் தர மறுப்பதைத் தரம் காக்கும் பழைய மரபு என்று சொல்லிக்கொள்கின்றன. ஆனால் வரலாற்றில் மரபாக இருந்தது கொடுப்பதுதான். மறுப்பு பிற்பாடு வந்தது.

சுவிட்சர்லாந்தின் ஜூரா மலைப் பகுதியில் கடிகாரத் தொழில் ஒரே கூரையின் கீழ் வளரவில்லை. ஒரு வீட்டில் பல்சக்கரம், இன்னொரு வீட்டில் திருகு, வேறொரு வீட்டில் கேஸ் என்று பிரிந்து நடந்தது. எல்லாவற்றையும் வாங்கிச் சேர்த்துத் தன் பெயரைப் போட்டு விற்றவர் வணிகர். எபோஷ் எனப்படும் அரைகுறை மிஷினை மட்டுமே செய்யும் தொழிற்சாலை ஃபோந்தென்மெலோன் என்ற ஊரில் 1793-லேயே வந்துவிட்டது. டயலில் ஒரு பெயர், உள்ளே வேறொருவர் செய்த மிஷின் என்பதே அங்கே வழக்கம். 1876-ல் ஃபிலடெல்ஃபியா கண்காட்சிக்குப் போன லோன்ஜீன் நிறுவனப் பொறியாளர் ஜாக் டேவிட், அமெரிக்கத் தொழிற்சாலைகளில் இயந்திரம் செய்த பாகங்களைக் கண்டு கலங்கி நீண்ட அறிக்கை எழுதினார். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் பொருத்தக்கூடிய பாகங்கள் அவை. அப்படிப்பட்ட பாகத்தால் தொழிற்சாலைக்கு எவ்வளவு ஆதாயமோ அவ்வளவு ஆதாயம் தொலைதூர ஊரின் பழுதுபார்ப்பவருக்கும் உண்டு. புதிதாகக் கடைந்து செய்ய வேண்டியதை அவர் வாங்கிப் பொருத்திவிடலாம்.

இருபதாம் நூற்றாண்டில் சுவிஸ் தொழில் இறுக்கமான கூட்டமைப்பாக மாறியது. 1926-ல் எபோஷ் தயாரிப்பாளர்கள் ஒன்றிணைந்தார்கள். 1931-ல் அரசும் வங்கிகளும் பங்கேற்ற அசுவாக் என்ற பெரிய நிறுவனம் உருவானது. எபோஷ்களையும் பாகங்களையும் அனுமதியின்றி ஏற்றுமதி செய்ய 1934-ல் சட்டமே தடை போட்டது. இது தாராள மனம் படைத்த ஏற்பாடு அல்ல. 1954-ல் அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில், போட்டியை நெரிக்கும் சதி என்று 1962-ல் அங்கே தீர்ப்பே வந்தது. ஆனாலும் அந்தக் கூட்டமைப்பு அஞ்சியது யாருக்கு என்று பார்க்க வேண்டும். சுவிஸ் பாகங்களை மலிவாக வாங்கிச் சென்று அயல்நாட்டில் கடிகாரம் கோக்கும் போட்டியாளனுக்குத்தான். பழுதுபார்ப்பவரை அது எதிரியாக நினைக்கவில்லை. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் சுவிஸ் தரப்பே அமெரிக்காவின் பழுதுபார்ப்பவர்களுக்காக அதிகாரபூர்வ உதிரிபாக அட்டவணை அச்சிட்டு அளித்தது. உடைந்தால் உள்ளூரிலேயே சரிசெய்ய முடியாத கடிகாரத்தை, அதை வைத்தே பிழைப்பை நடத்திய மனிதன் வாங்குவானா? கூட்டமைப்புக்கு அது நன்றாகவே தெரிந்திருந்தது.

மாற்றம் வந்தது 1969-க்குப் பிறகு. அந்த ஆண்டு டிசம்பரில் ஜப்பானின் செய்கோ வெளியிட்ட குவார்ட்ஸ் கைக்கடிகாரம், மலிவும் துல்லியமும் ஒன்றாகச் சேரும் காலத்தைத் தொடங்கிவைத்தது. சுவிஸ் கடிகாரத் தொழிலில் 1970-ல் இருந்த சுமார் 90,000 வேலைகள் எண்பதுகளின் நடுவில் 30,000 அளவுக்குச் சரிந்தன. 1983-ல் அசுவாக்கும் ஒமேகா, டிசோவைக் கொண்ட எஸ்எஸ்ஐஎச்சும் இணைந்து, பின்னாளில் ஸ்வாட்ச் குழுமம் ஆயின. மெக்கானிக்கல் கடிகாரம் மீண்டும் எழுந்தது. ஆனால் மணி பார்க்கும் கருவியாக அல்ல, ஆடம்பரப் பொருளாக. அதை வாங்குபவருக்கு, நாளைக்கு உள்ளூர்க் கடையில் ஸ்டெம் கிடைக்குமா என்பது கவலையே இல்லை. முன்பு பாகங்களை வெளியே விடும்படி தயாரிப்பாளரை நிர்பந்தித்த சந்தையின் கை அங்கேதான் தளர்ந்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்துத் துடைத்து எண்ணெயிட வேண்டிய பொருள் என்பதால், அந்த வருமானம் பிறரிடம் போவானேன் என்ற கணக்கு அதன்பின் தானாக வந்தது. 2015 இறுதியோடு ஸ்வாட்ச் குழுமம் பிரிட்டனின் மொத்த வியாபாரிகளுக்குப் பாகம் கொடுப்பதை நிறுத்தியது.

தயாரிப்பாளர்கள் முன்வைக்கும் வாதங்களில் வலுவானது தரம். நீர்புகாத கேஸைப் பிரித்து மூடியபின் அழுத்தச் சோதனை செய்யக் கருவி வேண்டும். இன்றைய மிஷின்களுக்குப் பயிற்சி வேண்டும். இதை மறுப்பதற்கில்லை. பாகம் தர மறுப்பதை எதிர்த்து 2004-ல் ஐரோப்பியப் பழுதுபார்ப்பவர் சங்கங்களின் கூட்டமைப்பு ஐரோப்பிய ஆணையத்திடம் கொடுத்த புகாரிலும் கடைசியில் இதுவே எடுபட்டது. பாகத்தின் விலை ஏறினால் வாடிக்கையாளர் வேறு பிராண்டுக்கு மாறிவிடுவார் என்று சொல்லிப் புகாரைத் தள்ளிய ஆணையத்தின் வாதத்தை நீதிமன்றம் 2010-ல் ஏற்கவில்லை. கையில் கட்டியிருக்கும் விலையுயர்ந்த கடிகாரத்தை ஒரு பாகத்துக்காக யார் தூக்கி எறிவார்? ஆணையம் மறுபடி விசாரித்து மறுபடி புகாரைத் தள்ள, 2017-ல் அதே நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் நின்றது. தகுதியுள்ளவர் அங்கீகாரம் பெற்று உள்ளே வரலாமே, போட்டி முற்றாக அழியவில்லையே என்பது காரணம். போட்டிச் சட்டத்தின் அளவுகோலில் அது சரியாக இருக்கலாம். நடைமுறையில், பத்துப் பிராண்டுகளைப் பார்க்கும் ஒரு சிறு கடை பத்து நிறுவனங்களின் நிபந்தனைகளை, ஒவ்வொன்றும் கேட்கும் கருவிகளோடு, நிறைவேற்ற வேண்டும். திறமை ஒன்றுதான், தேர்வுகள் மட்டும் பத்து. தரமே நோக்கம் என்றால் பொதுவான ஒரு தகுதிச் சான்று வைத்து, அதைப் பெற்ற யாருக்கும் பாகம் விற்கலாம். அதைச் செய்யாதவரை, தரம் என்ற வாதம் என்னைப் பொறுத்தவரை பாதி உண்மைதான்.

போலிப் பாகம் பெருகும் என்ற அச்சமும் உண்டு. அது எதிர்த்திசையில்தான் வேலை செய்யும். அசல் கிடைக்காத இடத்தில்தான் போலிக்கு விலை. பழைய கடிகாரங்களை வாங்கி உடைத்து அவற்றின் பாகங்களை எடுக்கும் நிலைக்கு நேர்மையான கைவினைஞர் தள்ளப்படுகிறார். நேர்மையற்றவர் போலியைப் போட்டு அசல் என்று சொல்லிவிடுகிறார். பாதுகாப்பைத்தான் அளவுகோலாக வைப்பது என்றால், காரின் பிரேக் கைக்கடிகாரத்தைவிடப் பன்மடங்கு ஆபத்தானது. ஆனாலும் அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தர் தனிப் பட்டறைக்கு உதிரிபாகம் விற்பதைத் தயாரிப்பாளர் ஒப்பந்தம் போட்டுத் தடுத்தால், 2010-ன் ஐரோப்பிய விதி அதைக் கடுமையான மீறலாகவே கொள்கிறது. பிரேக் கட்டையை மாற்றத் தகுதியுள்ளவராகச் சட்டம் மதிக்கும் தனிப் பட்டறைக்காரருக்கு உள்ள பாதுகாப்பு, ஸ்டெம் மாற்றுபவருக்கு இல்லை. பழுதுபார்க்கும் உரிமைக்காக 2024-ல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த ஆணை, தயாரிப்பாளரே பழுதுபார்த்துத் தர வேண்டிய பொருள்களைப் பட்டியலிட்டிருக்கிறது. துணி துவைக்கும் இயந்திரம், குளிர்பதனப் பெட்டி, கைப்பேசி எல்லாம் அதில் இருக்கின்றன. கைக்கடிகாரம் இல்லை.