சுழலா, வேகமா? வெளிநாட்டுப் பயணத்தில் அஸ்வின் வெளியே அமர்ந்தது ஏன்

இங்கிலாந்தில் டெஸ்ட் ஆட்டம் தொடங்கும்போது மலேசியாவில் மாலை மணி 6. வேலை முடிந்து வீடு திரும்பும் நேரம் என்பதால் சுங்கை பட்டாணி, கூலிம், பீடோங் வட்டாரத்து ரசிகர்களுக்கு அது வசதியான நேரம். கெடா தோட்டப்புறங்களில் கால்பந்துக்குத்தான் என்றும் முதல் மரியாதை. ஆனாலும் இந்திய அணி வெளிநாடு போகும்போது தமிழ் ரசிகர்கள் முதலில் கேட்கும் கேள்வி பல ஆண்டுகளாக ஒன்றாகவே இருந்தது: "அஸ்வின் ஆடுகிறாரா?"

பெரும்பாலும் கிடைத்த பதில் 'இல்லை' என்பதுதான். 2021ஆம் ஆண்டு இங்கிலாந்துப் பயணத்தில் நடந்த நான்கு டெஸ்டிலும் அவர் ஆடவில்லை. தள்ளிவைக்கப்பட்டு 2022 ஜூலையில் பர்மிங்காமில் நடந்த ஐந்தாவது டெஸ்டிலும் இல்லை. 2023 ஜூனில் ஓவல் திடலில் நடந்த உலக டெஸ்ட் வெற்றியாளர் இறுதியாட்டத்திலும் வெளியேதான் அமர்ந்தார். அப்போது டெஸ்ட் பந்துவீச்சாளர் தரவரிசையில் உலகின் முதல் இடம் அவருடையது. "தமிழன் என்பதால்தானே?" என்ற பேச்சு அன்று பரவலாகவே எழுந்தது.

அந்தப் பேச்சை ஆராய, தேர்வு எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். பயண அணியை அறிவிப்பது தேர்வுக்குழு. 16 முதல் 18 பேர் வரை போவதால் சுழலுக்கும் வேகத்துக்கும் அதில் இடம் இருக்கும். அங்கே சண்டை குறைவு. ஆடும் 11 பேரைத் தலைவரும் பயிற்றுநரும் ஆட்டத்தன்று காலையில் முடிவு செய்யும்போதுதான் சிக்கல் வரும்.

டெஸ்டில் வெல்ல 20 விக்கெட் வேண்டும். அதற்கு ஐந்து பந்துவீச்சாளர்கள் தேவை என்பது பொதுவான கணக்கு. இந்தியாவில் மூவர் வரை சுழற்பந்து வீசலாம். இங்கிலாந்தில் பயன்படும் டியூக்ஸ் பந்தின் தையல் எடுப்பாக நிற்கும். மேகமூட்டமும் சேர்ந்தால் வெகுநேரம் காற்றில் வளையும். அதனால் நால்வர் வேகம், ஒருவர் சுழல் என்று கணக்கு மாறுகிறது. அந்த ஒருவர் மட்டையோடு இறங்குவது ஏழாவது அல்லது எட்டாவது இடத்தில். ஆகவே சுழலா வேகமா என்ற கேள்வி, 'ஏழாவதாக வந்து ரன் எடுப்பவர் யார்' என்ற கேள்வியாகிவிடுகிறது. டெஸ்டில் 6 சதம் அடித்த அஸ்வினும் அந்தப் போட்டியில் ஜடேஜாவிடம் தோற்றார். 2021 ஓவல் டெஸ்டில் வேகப்பந்து வீச்சாளர் ஷர்துல் தாக்கூர் 57, 60 என இரு இன்னிங்ஸிலும் ரன் குவித்தார். இந்தியா 157 ரன்னில் வென்றது. அன்று அஸ்வினுக்காக வாதாடியவர்களுக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

இரண்டு இறுதியாட்டங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த முடிவு எவ்வளவு கடினம் என்பது தெரியும். 2021 ஜூனில் சவுத்தாம்ப்டனில் அஸ்வின், ஜடேஜா இருவரையும் இந்தியா சேர்த்தது. மழையால் முதல் நாள் ஆட்டமே நடக்கவில்லை. முழுநேரச் சுழற்பந்து வீச்சாளர் ஒருவர்கூட இல்லாமல் இறங்கிய நியூசிலாந்து 8 விக்கெட்டில் வென்றது. கடைசி இன்னிங்ஸில் விழுந்த இரண்டு விக்கெட்டும் அஸ்வினுடையவை என்பது வேறு கதை.

அந்தச் சூடு 2023 வரை ஆறவில்லை போலும். ஓவலில் மேகமூட்டம், ஆடுகளத்தில் பச்சைப் புல். ரோஹித் சர்மா பூவா தலையா வென்று பந்துவீச்சைத் தேர்ந்தெடுத்தார். நால்வர் வேகம், கூட ஜடேஜா. 76 ரன்னில் மூன்று விக்கெட் விழுந்தபோது முடிவு சரி என்றே பட்டது. பிறகு வெயில் வந்தது. டிராவிஸ் ஹெட்டும் ஸ்மித்தும் சேர்ந்து 285 ரன் எடுத்தார்கள். ஹெட் இடக்கை ஆட்டக்காரர். கவாஜா, வார்னர், கேரி ஆகியோரும் அப்படியே. இடக்கை ஆட்டக்காரர்களை வீழ்த்துவதில் பெயர் பெற்ற ஆஃப் ஸ்பின்னரோ வெளியே இருந்தார். ஐந்தாம் நாளில் நேதன் லயன் 41 ரன் கொடுத்து 4 விக்கெட் எடுக்க, இந்தியா 209 ரன்னில் தோற்றது. லயனும் ஆஃப் ஸ்பின்னர்தான்.

இந்த முடிவு தவறு என்றே சொல்ல வேண்டும். முதல் நாள் காலைப் புல்லைப் பார்த்து அணியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சுழற்பந்துக்கு வேலை வருவதோ நான்காம், ஐந்தாம் நாளில். 2018 டிசம்பரில் பெர்த்திலும் இதுவே நடந்தது. அஸ்வினுக்குக் காயம், ஜடேஜாவுக்கு இடமில்லை, நான்கு வேகப்பந்து வீச்சாளர்கள். லயன் 8 விக்கெட் எடுத்து ஆட்டநாயகன் ஆனார். ஆனால் அதே ஆண்டு ஜனவரியில் ஜோகன்னஸ்பர்க்கில் சுழலே இல்லாமல் ஐந்து வேகத்தோடு இறங்கிய இந்தியா 63 ரன்னில் வென்றதையும் மறக்கக் கூடாது.

இனி, ஓரவஞ்சனைப் பேச்சு. 2024 நவம்பரில் பெர்த் டெஸ்டில் அஸ்வின், ஜடேஜா இருவரையும் விட்டுவிட்டு ஒரே சுழற்பந்து வீச்சாளராகச் சேர்க்கப்பட்டவர் வாஷிங்டன் சுந்தர். அவரும் சென்னைக்காரர், அவரும் ஆஃப் ஸ்பின்னர். அடுத்த மாதம் 18ஆம் தேதி பிரிஸ்பேனில் அஸ்வின் 537 விக்கெட்டோடு ஓய்வை அறிவித்தார். அவற்றில் 383 இந்திய மண்ணில் எடுத்தவை; அவரது வெளிநாட்டுக் கணக்கு குறைவாக இருப்பதற்கு உட்கார வைக்கப்பட்டதும் ஒரு காரணம்.

பழைய கதையையும் பார்க்கலாம். 1971 இங்கிலாந்துப் பயணத்தில் வெளியே அமர்ந்தவர் மைசூரின் பிரசன்னா. ஆடியவர் சென்னையின் வெங்கட்ராகவன். அணியின் துணைத் தலைவர் அவர். அதற்கு முந்தைய மேற்கிந்தியத் தீவுகள் பயணத்தில் 22 விக்கெட் எடுத்திருந்தார். ஓவலில் சந்திரசேகர் 38 ரன்னுக்கு 6 விக்கெட் சாய்க்க, இங்கிலாந்தில் இந்தியாவின் முதல் தொடர் வெற்றி கிட்டியது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் பர்மிங்காமில் பேடி, பிரசன்னா, சந்திரசேகர், வெங்கட் நால்வரையும் ஒன்றாக இறக்கினார்கள். நால்வரும் சேர்ந்து ஆடிய ஒரே டெஸ்ட் அது. புதுப்பந்து வீச ஆளில்லாமல் விக்கெட் காப்பாளரான குந்தரனிடம் பந்தைக் கொடுக்க வேண்டியதாயிற்று. இந்தியா 132 ரன்னில் தோற்றது.

மலேசியர்களுக்கு இன்னொரு செய்தி. 1932இல் லார்ட்ஸில் இந்தியா ஆடிய முதல் டெஸ்டில் அணியின் பலமே முகமது நிசார், அமர் சிங் ஆகியோரின் வேகம்தான். இங்கிலாந்து 19 ரன்னில் மூன்று விக்கெட் இழந்து தடுமாறியது. அதில் ஒன்று, வூலியின் ரன் அவுட். அவரை ஆட்டமிழக்கச் செய்த லால் சிங் பிறந்தது கோலாலம்பூரில்.

2025 இங்கிலாந்துப் பயணத்துக்குச் சென்ற 18 பேரில் மூவர் சுழல். வாஷிங்டன் லார்ட்ஸில் 22 ரன்னுக்கு 4 விக்கெட் எடுத்தார்; மான்செஸ்டரில் ஜடேஜாவோடு நின்று ஆட்டமிழக்காமல் 101 ரன் அடித்து டெஸ்டைச் சமன் செய்ய உதவினார். மணிக்கட்டால் பந்தைச் சுழற்றும் குல்தீப் யாதவுக்கு ஐந்து டெஸ்டில் ஒன்றில்கூட இடம் கிடைக்கவில்லை; அவர் எட்டாவதாக வந்து ரன் எடுப்பவர் அல்லர்.