இமயத்து ஏடும் அநுராதபுரத்துச் சிலுவையும்

லூக்கா எழுதிய நற்செய்தி, இயேசு தமது பன்னிரண்டாம் வயதில் எருசலேம் ஆலயத்திற் போதகரோடு உரையாடியமையைக் கூறுகின்றது. அடுத்து அவர் பணி தொடங்கும்போது அவருக்கு ஏறத்தாழ முப்பது வயது. இடைப்பட்ட காலத்தைப் பற்றி நற்செய்தி நூல்கள் விரித்துரைப்பதில்லை. வரலாறு மௌனஞ் சாதிக்கும் இடத்திலே கற்பனை வாய்திறத்தல் உலகியல்பு.

1894ஆம் ஆண்டில், நிக்கொலாய் நொட்டோவிச் என்னும் உருசியர் பிரெஞ்சு மொழியில் ஒரு நூல் வெளியிட்டார். லடாக்கிலுள்ள ஹெமிஸ் மடத்திலே தாம் கால் முறிந்து தங்கியிருந்தபோது, ‘ஈசா’ என்பாரின் வரலாறு கூறும் ஏடுகளைத் தலைமைப் பிக்கு படித்துக் காட்டினார் என்பது அவர் கூற்று. அதன்படி இயேசு இளமையிலே சிந்து நாட்டுக்கு வந்து, செகந்நாதத்திலும் காசியிலும் வேதம் பயின்று, பின் இமயச் சாரலிற் பௌத்தம் கற்றுத் தாயகம் மீண்டார்.

நூல் பெரும் பரபரப்பை விளைத்தது. வடமொழிப் பேரறிஞர் மாக்ஸ் முல்லர் அவ்வாண்டிலேயே மறுப்பெழுதினார். திபெத்தியரின் கஞ்சூர், தஞ்சூர் என்னும் பெருந்தொகுதிகளின் அட்டவணைகளில் அத்தகைய நூல் இல்லையென அவர் எடுத்துக்காட்டினார். ஆக்ராக் கல்லூரிப் பேராசிரியர் டக்ளஸ் 1895இல் ஹெமிசுக்கே சென்று வினவினார். பதினைந்து ஆண்டுகளாகத் தலைமை வகித்த பிக்கு, அத்தகைய நூலை அறியேன் என்றார். 1922இல் அங்குச் சென்ற சுவாமி அபேதானந்தர் ஏடு காட்டப்பெற்றதாக எழுதியுள்ளார்; எனினும் மூல ஏடு எதுவும் அறிஞர் ஆய்வுக்கு இன்றுவரை வரவில்லை. 2003இல் டான் பிரவுன் எழுதிய ‘டாவின்சி கோட்’ நாவலும் இவ்வகை ஆவலைத் தூண்டியே கோடிக்கணக்கிற் பரவிற்று.

இயேசு நம் முனிவரிடம் பயின்றார் என்னுங் கதை இந்துக்களாகிய நமக்கு இனிக்கின்றது. ஆனால் இனிமை சான்றாகாது. திருக்குறளை 1886இல் ஆங்கிலத்திற் பெயர்த்த போப்பையர், வள்ளுவர் மயிலைக் கடற்கரையிற் கிறித்தவப் போதகரோடு உலாவியதாகத் தம் முன்னுரையிற் கற்பனை செய்தார். அதற்குச் சான்று எங்கே எனத் தமிழறிஞர் வினவினர். அங்கே கேட்ட வினாவை ஹெமிசிலே கேளாது விடுதல் நடுவுநிலையன்று. பிறர் கதையை நிறுத்த துலாக்கோலிலேயே நம் கதையையும் நிறுத்தல் வேண்டும்.

சான்றுடைய வரலாறு தொலைவில் இல்லை. ஆறாம் நூற்றாண்டினரான கொஸ்மாஸ், இலங்கையிற் குடியேறிய பாரசீகக் கிறித்தவருக்கு ஒரு திருச்சபை இருந்ததென்றும், அவர்தம் குரு பாரசீகத்திலிருந்து நியமிக்கப்பெற்றாரென்றும் எழுதினார். 1912இல் அநுராதபுரத்திலே கருங்கற்றூண் ஒன்றிற் செதுக்கிய சிலுவை கண்டெடுக்கப்பட்டது. அது அப்பாரசீகருக்குரியதென அறிஞர் பலர் கருதுவர். நூலும் கல்லும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

இதில் வியப்பூட்டும் புதிர் இல்லை. கடல் கடந்து வந்த வணிகரும் அவர்தம் வழிபாடுமே உண்டு. ஆயினும் அக்கல்லை எவருஞ் சென்று காணலாம். ஹெமிஸ் ஏட்டைக் கண்டு ஆராய்ந்த அறிஞர் இலர். கதையை வரலாற்றினின்றும் பிரித்தறியும் மாணாக்கனுக்கு இவ்வேறுபாடே முதற்பாடமாகும்.